சிகிச்சை முடிந்த பிறகு: அமெரிக்க லத்தீனாப் பெண்களும் மார்பகப் புற்றுநோயும்

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடக் குறைவு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் கணக்குப்படி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆனாலும் அந்தப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோயும் இதுதான், அதிகம் கொல்லும் புற்றுநோயும் இதுதான். அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று மருத்துவர் அனுப்பிவைத்த பிறகு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? கடந்த கால் நூற்றாண்டில் இதைப் பின்தொடர்ந்து பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. சேர்த்து வாசித்தால் ஒரு சேதி திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. உயிர் பிழைத்த லத்தீனாப் பெண்கள், அதே நோயிலிருந்து பிழைத்த மற்றப் பெண்களைவிட உடலாலும் மனத்தாலும் கூடுதலாகத் துன்பப்படுகிறார்கள். ஏன் என்ற கேள்விக்கு நெடுநாள் சொல்லப்பட்டுவந்த பதில்களில் சில, என் கருத்தில், அந்தப் பெண்களுக்கு நியாயம் செய்யவில்லை.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6.2 கோடிப் பேர் தங்களை ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்று பதிவுசெய்தார்கள். அமெரிக்க மக்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். இவர்கள் எல்லோரும் ஒரே மக்கள் என்று நினைத்தால் எந்த ஆய்வும் புரியாது. நியூயார்க்கில் வாழும் புவேர்ட்டோ ரிக்கோப் பெண் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகள். 1917இல் வந்த சட்டம் அந்தத் தீவினருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸ் அறுக்கும் மெக்சிகோப் பெண்ணிடம் குடியேற்ற ஆவணம் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். குவாத்தமாலாவின் மலைக் கிராமத்திலிருந்து வந்தவருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழியாக இருக்கலாம். தாய்மொழி மாயன் மொழிகளில் ஒன்று. ஆய்வுப் படிவத்தில் இவர்கள் அனைவருக்கும் ஒரே கட்டம். அதில் ஒரு டிக். இந்தக் கட்டுரையில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை கலிஃபோர்னியாவில், அதிலும் ஏழைப் பெண்களிடையே, முக்கியமாக மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்களிடையே நடந்தவை. மயாமியின் வசதியான கியூபக் குடும்பத்துக்கு இவை அப்படியே பொருந்தா.

நோய் குறைவாக வருவதற்கு உயிரியலிலும் காரணம் உண்டு. 2014இல் லாரா ஃபெஹர்மனும் அவருடைய சகாக்களும் ஆறாவது குரோமோசோமில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணுவுக்குப் பக்கத்தில், ஒரு மாறுபாட்டைக் கண்டறிந்தார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளிடமிருந்து இறங்கிவந்த அந்த மாறுபாட்டின் ஒரு பிரதி இருந்தாலே மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் சுமார் 40 சதவீதம் குறைகிறது. வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்களுக்கு, அமெரிக்காவிலேயே பிறந்தவர்களைவிட அபாயம் குறைவு என்பதும் தெரிந்த விஷயம். ஆனால் நோய் வந்துவிட்டால் கதை மாறுகிறது. கட்டி பெரிதான பிறகு, பரவத் தொடங்கிய நிலையில் கண்டறியப்படுவது லத்தீனாக்களிடையே அதிகம். நோய் கண்டறியப்படும் வயதும் வெள்ளையினப் பெண்களைவிடச் சராசரியாகச் சில ஆண்டுகள் குறைவு. பிந்திய நிலையில் கண்டறிந்தால் சிகிச்சை கடுமையாகும். குறைந்த வயதில் கண்டறிந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் விட முடியாத வேலையும் இருக்கும் நேரத்தில் அந்தச் சிகிச்சையைத் தாங்க வேண்டியிருக்கும். வாழ்க்கைத் தரத்தில் தெரியும் இடைவெளியின் ஒரு பகுதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

சிகிச்சைக்குப் பிந்திய வாழ்க்கையை மருத்துவம் தனியாகக் கவனிக்கத் தொடங்கியதே அண்மையில்தான். ஃபிட்ஸ்ஹியூ மல்லன் என்ற மருத்துவர், தானே புற்றுநோயாளியாக இருந்த அனுபவத்தை வைத்து 1985இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நீரில் மூழ்குபவரைக் கரைசேர்க்க அருமையான உத்திகளைக் கண்டுபிடித்துவிட்டு, கரையேறியவரை அங்கேயே இருமித் தவிக்க விட்டுவிடுகிறோம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மறு ஆண்டு நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான தேசியக் கூட்டமைப்பு உருவானபோது அவரும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்த இயக்கத்தின் ஆரம்ப காலக் குரல்கள் பெரும்பாலும் படித்த, ஆங்கிலம் பேசுகிற, காப்பீடு உள்ளவர்களின் குரல்கள். லத்தீனாப் பெண்களிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

கேட்பதற்கும் ஒரு கருவி வேண்டும். மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது ‘ஃபேக்ட்-பி’ என்ற வினாத்தாள். டேவிட் செல்லாவின் குழு 1993இல் வெளியிட்ட பொது வினாத்தாளின் மேல், மார்பகப் புற்றுநோய்க்கென்று சில கேள்விகளைச் சேர்த்து 1997இல் வந்தது. இப்போதைய வடிவத்தில் 37 கேள்விகள். கடந்த ஏழு நாள்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை ஓர் எண்ணைச் சுற்ற வேண்டும். தெம்பு இருக்கிறதா, வாந்தி வருகிறதா, தூக்கம் எப்படி, நண்பர்கள் நெருக்கமாக இருக்கிறார்களா, நோய் முற்றிவிடும் என்ற கவலை உண்டா, கை வீங்குகிறதா, ஒரு பெண்ணாகத் தன்னைக் கவர்ச்சியாக உணர முடிகிறதா. ஸ்பானிஷ் வடிவமும் நெடுங்காலமாக இருக்கிறது. நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் உடல் நலத்துக்கான பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது: உடல் நிலை காரணமாகக் குடும்பத்தின் தேவைகளைக் கவனிக்கச் சிரமப்படுகிறாரா? பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட, ஓய்வூதியம் வாங்குகிற ஒருவருக்கு இந்தக் கேள்வி எடை குறைந்தது. மூன்று பிள்ளைகள், மாமியார், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டிய பணம் என்று இருப்பவருக்கு இந்த ஒரு கேள்விக்குள் வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடும். இருவரும் ஒரே எண்ணைச் சுற்றினாலும் சொல்வது ஒன்றாகாது. வாடகை கொடுக்க முடிந்ததா, மருத்துவர் சொன்னது புரிந்ததா, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் குடியேற்ற அதிகாரிகள் நிற்பார்களோ என்று பயந்தாரா என்பதையெல்லாம் வினாத்தாள் கேட்பதில்லை.

இவ்வளவு வரம்புகளுக்குள்ளும் விடைகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. 2011இல் பெட்சி யானெஸ், எலிசபெத் தாம்ப்சன், ஆனெட் ஸ்டான்டன் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். மன நலம், உடல் நலம், சமூக நலம் ஆகியவற்றில் லத்தீனாக்கள் மற்றப் பெண்களைவிடப் பின்தங்கியிருப்பதையே பெரும்பாலான ஆய்வுகள் காட்டின. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டியில் உள்ள சிட்டி ஆஃப் ஹோப் மையத்தின் கிம்லின் ஆஷிங், கறுப்பின, ஆசிய, லத்தீனா, வெள்ளையினப் பெண்களை ஒப்பிட்டு நடத்திய தொடர் ஆய்வுகளிலும் லத்தீனாக்களின் வாழ்க்கைத் தரம் தாழ்ந்தே இருந்தது. நோய் திரும்ப வந்துவிடுமோ என்ற கவலையை நான்சி ஜான்ஸ் குழுவினர் அளந்தபோது, எல்லாப் பிரிவினரிலும் அதிகக் கவலை பெரும்பாலும் ஸ்பானிஷே புழங்கும் லத்தீனாக்களுக்குத்தான் என்று தெரிந்தது. ஆங்கிலம் புழங்கும் லத்தீனாக்களிடம் அது குறைவு. இந்தக் கடைசி முடிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பிரிவு, ஒரே நோய். மொழி மாறினால் கவலையின் அளவும் மாறுகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸில் கேத்லீன் எல் நடத்திய ஆய்வின் எண்கள் இன்னும் கனமானவை. பொது மருத்துவமனைக்கு வரும் ஏழைப் பெண்கள், பெரும்பாலும் லத்தீனாக்கள். அவர்களில் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களில் 30 சதவீதம் பேருக்கு நடுத்தரம் முதல் கடுமை வரையான மனச்சோர்வு இருந்தது. கடும் மனச்சோர்வு உள்ளவர்கள் என்று ஆய்வில் கண்டறியப்பட்டவர்களில் அதற்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 12 சதவீதம். மனநல ஆலோசகரையோ ஆதரவுக் குழுவையோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 5 சதவீதம். 2005இல் வெளியான தகவல் இது. புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுக்கும் அதே கட்டடத்துக்குள், மாதக் கணக்கில் வந்துபோகும் பெண்ணின் மனச்சோர்வு யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் கலாச்சாரம் என்ற விளக்கம் நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. லத்தீனாப் பெண்கள் விதியை நம்புகிறவர்கள், எல்லாம் கடவுள் விட்ட வழி என்று இருந்துவிடுவார்கள், கணவனையும் பிள்ளைகளையும் முன்னால் வைத்துத் தங்களைப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள், அதனால் நோயை எதிர்கொள்ளும் மனத்திடம் குறைவு என்றெல்லாம் எழுதப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆனா அப்ராய்தோ-லான்சாவும் அவருடைய சகாக்களும் 2007இல் இந்த வாதத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். விதி நம்பிக்கையை அளப்பதாகச் சொன்ன பல ஆய்வுகள் வருமானத்தையும் கல்வியையும் சரியாகக் கணக்கில் எடுக்கவே இல்லை என்று சுட்டிக்காட்டினார்கள். காப்பீடு இல்லாத ஒருவர் ‘புற்றுநோய் வந்தால் பிழைக்க முடியாது’ என்று சொன்னால் அது விதி நம்பிக்கையா, தன் நிலைமையைச் சரியாக எடைபோட்டுச் சொன்ன பேச்சா? அக்கம்பக்கத்தில் புற்றுநோய் வந்தவர்கள் எல்லோரும் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை என்றால், அந்தப் பெண் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அதற்குக் கலாச்சாரம் என்று பெயர் வைத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் அரசுக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடுகிறது. இந்த விளக்கம் இவ்வளவு காலம் நின்றதற்கு அந்த வசதியும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

கூலி வேலை என்ன செய்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளிலிருக்கும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். நிறையக் கணுக்களை எடுத்தால் நிணநீர் வடிய வழியில்லாமல் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். சிலருக்குச் சில மாதங்களில் வரும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. வந்துவிட்டால் பெரும்பாலும் முழுதாகப் போவதில்லை. இறுக்கமான கையுறை போட்டு, மசாஜ் செய்து, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். கையை அதிகம் அலட்ட வேண்டாம், வெட்டுக்காயமோ சூடோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது மருத்துவமனையில் கொடுக்கும் அறிவுரை. இந்த அறிவுரையோடு ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் வேலைக்குத் திரும்புகிறார். கனமான மெத்தையின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறுகையால் விரிப்பைச் செருக வேண்டும். குளியல் தொட்டியை ரசாயனம் போட்டுத் தேய்க்க வேண்டும். அடுத்த அறை, அதற்கடுத்த அறை. எத்தனை அறை என்ற கணக்கு மேற்பார்வையாளரிடம் இருக்கிறது. சமையற்கூடத்தில் வேலை செய்பவருக்கு அடுப்பும் கத்தியும், வயலில் வேலை செய்பவருக்கு வெயிலும் முள்ளும். கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர் சமாளித்துக்கொள்ளக்கூடிய ஒரு பின்விளைவு இவர்களுக்குப் பிழைப்புப் பிரச்சினை.

விக்டோரியா பிளைண்டரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணாக்கிக் காட்டியது. கலிஃபோர்னியாவின் ஏழைப் பெண்களில், நோய்க்கு முன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். நோய் கண்டறிந்து ஆறு மாதத்தில், வெள்ளையினப் பெண்களில் 49 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள். லத்தீனாக்களில் 27 சதவீதம். மூன்றாண்டு முடிவில் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. அதாவது லத்தீனாக்களும் வேலைக்குத் திரும்பினார்கள், ஆனால் சம்பளமில்லாத நீண்ட காலத்தைக் கடந்து. அந்தக் காலத்தில் வாடகையை யார் கட்டினார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள், எந்தப் பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டது என்பதெல்லாம் சதவீதத்துக்குள் தெரிவதில்லை.

காப்பீட்டு விதிகளும் சேர்ந்துகொண்டன. மார்பகப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் வந்த ஏழைப் பெண்களுக்குச் சிகிச்சை கொடுக்க 2000இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று வந்தது. கலிஃபோர்னியா அதை 2002இல் நடைமுறைப்படுத்தியபோது, ஆவணமில்லாத பெண்களையும் மாநிலத்தின் சொந்தப் பணத்தில் சேர்த்துக்கொண்டது. பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை 18 மாதம் மட்டும் என்று பல ஆண்டுகள் வரம்பு இருந்தது. ஹார்மோன் சார்ந்த கட்டி உள்ள பெண் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் விழுங்க வேண்டும். 18 மாதம் முடிந்த பிறகு மாத்திரைக்கு யார் பணம் கொடுப்பது? கை வீங்கினால் யாரிடம் காட்டுவது? நோய் திரும்பிவிடுமோ என்ற கவலை லத்தீனாக்களுக்கு ஏன் அதிகம் என்று வியந்து எழுதிய கட்டுரைகள் இந்த விதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது மொழி. புற்றுநோய் என்று தெரிந்த நாளன்று மருத்துவர் ஒரு மணி நேரத்துக்குள் ஏராளமாகச் சொல்கிறார்: கட்டியின் வகை, நிலை, மார்பை முழுதாக எடுப்பதா கட்டியை மட்டும் எடுப்பதா, கீமோ முன்னாலா பின்னாலா. சொந்த மொழியில் கேட்டாலே பாதிதான் மனத்தில் நிற்கும். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த பெண்ணுக்கு மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காதபோது துப்புரவு ஊழியரோ, பக்கத்து இருக்கைக்காரரோ, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்த மகளோ பேசுகிறார்கள். குழந்தை மருத்துவத்தில் கிளென் ஃப்ளோரஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வு, மொழிபெயர்ப்போடு நடந்த சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து வரிக்குவரி சரிபார்த்தது. ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 பிழைகள். அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பிழைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மாவுக்குப் புற்றுநோய் என்ற செய்தியைப் பன்னிரண்டு வயது மகள் முதலில் காதால் கேட்டு, பிறகு தன் வாயால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அந்தத் தாய் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அழுகையை அடக்குவாரா, மருத்துவரிடம் தன் மார்பைப் பற்றியும் தாம்பத்தியத்தைப் பற்றியும் சந்தேகம் கேட்பாரா? பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்று, அவசர நிலைக்கு மட்டும் விலக்கு அளித்து, 2016இல்தான் கூட்டாட்சி விதி தெளிவாகச் சொன்னது.

புரியாமல் எடுத்த முடிவு பின்னால் மனத்தை அரிக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிப் பெண்களிடையே சாரா ஹாலியின் குழு செய்த ஆய்வில், ஸ்பானிஷ் புழங்கும் லத்தீனாக்கள்தான் தங்கள் சிகிச்சை முடிவில் தங்களுக்குப் போதிய பங்கு இல்லை என்று அதிகம் சொன்னார்கள். முடிவைப் பற்றிய அதிருப்தியும் வருத்தமும் அவர்களிடமே கூடுதல். மருத்துவர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்கிற பணிவான பெண்கள் என்ற சித்திரத்துக்கு இது நேர் எதிர். அவர்கள் பேச விரும்பினார்கள், பேச இடமில்லை.

குடும்பத்தின் பங்கைப் பற்றி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சமைத்துக் கொண்டுவந்து வைக்கும் அக்கா, கீமோ நாளில் காரோட்டிப் போகும் கொழுந்தன், முடி கொட்டியபோது தானும் மொட்டையடித்துக்கொண்ட மகன் என்று ஆய்வு நேர்காணல்களில் குடும்பம் பெரும்பலமாக வருகிறது. அதே குடும்பத்துக்காகத்தான் பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். எல்லோரையும் கவனித்துக்கொண்டவரைப் பிறர் கவனிக்க வேண்டிவந்ததே பெரிய வலி என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். வலிக்கவில்லை, தூங்கினேன், சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் தாயிடம் நோயையே மறைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆவணமில்லாததால் ஊருக்குப் போனால் திரும்பிவர முடியாது. தாயின் சாவுக்கும் போக முடியாது. கீமோவில் முடி இழந்த தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தொலைபேசியில் கலகலப்பாகப் பேசி முடிக்கும் பெண்ணின் துயரத்தை ஃபேக்ட்-பியின் எந்தக் கேள்விக்குக் கீழே எழுதுவது?

கடவுள் நம்பிக்கையை ஆய்வாளர்கள் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ஆனால் சான் அன்டோனியோவில் கிம்பர்லி வைல்ட்ஸ் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்மிக ஈடுபாடு கூடுதலாக உள்ள லத்தீனாக்களின் வாழ்க்கைத் தரமும் கூடுதலாக இருந்தது. ஜெபிப்பதோடு மருந்தும் சாப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் சண்டை என்று நினைத்தது வெளியிலிருந்து பார்த்தவர்கள்தான்.

உடலுறவைப் பற்றி இந்த ஆய்வுகள் மிகக் குறைவாகவே சொல்கின்றன. வினாத்தாளிலேயே அந்த ஒரு கேள்விக்கு மட்டும், பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் இந்தக் கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று வழி விட்டிருக்கிறார்கள். மார்பை இழந்த பிறகு கணவன் முன் உடை மாற்றத் தயங்குவது, மாத்திரையால் வரும் வறட்சி, முப்பத்தைந்து வயதில் நின்றுபோன மாதவிடாய் ஆகியவற்றைப் பேச வீட்டிலும் ஆளில்லை, மருத்துவமனையிலும் நேரமில்லை.

எதுதான் பலன் தருகிறது? எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பதில் வடக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘சீர்க்குலோ தெ வீதா’ என்ற சிறிய ஆதரவு மையத்தை நடத்திவந்த உளவியலாளர் கார்மென் ஓர்தீஸும், பல்கலைக்கழக ஆய்வாளர் ஆனா நாப்போலெஸும் சேர்ந்து ‘நுவேவோ அமானெசெர்’ என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். புதிய விடியல் என்று பொருள். மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆன்டோனி உருவாக்கிய மன அழுத்த மேலாண்மை முறைதான் இதற்கும் அடிப்படை. ஆனால் அதை நடத்தியவர்கள் பட்டம் பெற்ற உளவியலாளர்கள் அல்ல. மார்பகப் புற்றுநோயைத் தாங்களே கடந்துவந்த, ஸ்பானிஷ் பேசும் பெண்கள். பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, தோழி என்று பொருள்படும் ‘கொம்பான்யேரா’ என்ற பெயரில் அவர்களை அனுப்பினார்கள்.

நோயாளியை மையத்துக்கு வரச் சொல்லவில்லை, தோழிதான் வீட்டுக்குப் போனார். வாரம் ஒருமுறை, எட்டு வாரம். கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் புற்றுநோய் என்றால் என்ன, எந்தச் சிகிச்சை எதற்கு என்பதைப் பேசினார்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளப் பழக்கினார்கள். குடும்பத்திடம் உதவி கேட்பது எப்படி என்று ஒரு வாரம். இதற்கு ஒரு பாடமா என்று தோன்றலாம். வாழ்நாளெல்லாம் பிறருக்குச் செய்தே பழகியவருக்கு இது பெரிய பாடம். ‘நான் செத்துவிட்டால் பிள்ளைகள் தெருவில் நிற்கும்’ என்ற நினைப்பு இரவில் வரும்போது அதை எப்படிப் பிடித்து நிறுத்திச் சோதித்துப் பார்ப்பது, மூச்சை எப்படி ஆழ இழுத்து விடுவது, அடுத்த வாரத்துக்குள் முடிக்கக்கூடிய ஒரு சிறு காரியத்தை எப்படித் தீர்மானிப்பது என்று தொடர்ந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே அறுவையின் தழும்பைத் தன் உடலில் வைத்திருப்பவர். பிழைத்து, நடந்து, கதவைத் தட்டி வந்திருப்பவர். புற்றுநோய் என்றால் சாவுதான் என்று நம்பியிருந்த வீட்டுக்குள் அவர் நுழைவதே முதல் வாரத்துப் பாதிப் பாடம்.

151 பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாக்கிச் செய்த சோதனையின் முடிவுகள் 2015இல் வெளியாயின. ஆறு மாத முடிவில், தோழி சென்ற பெண்களின் வாழ்க்கைத் தரமும் மன நலமும் மற்றப் பிரிவினரைவிட மேம்பட்டிருந்தன. மனச்சோர்வும், மனவேதனை உடல்வலியாக வெளிப்படும் தொல்லைகளும் குறைந்திருந்தன. பிறகு அதிகம் படிக்காத கிராமப்புறப் பெண்களுக்கென்று கையேட்டை எளிமையாக்கி, பத்து வாரமாக நீட்டி, 153 பெண்களிடையே இரண்டாவது சோதனையும் நடந்தது. இந்த ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்த கலிஃபோர்னிய மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் திட்டத்தின் நிதியில் ஒரு பகுதி சிகரெட் மீதான மாநில வரியிலிருந்து வருகிறது.

வேறு முயற்சிகளும் உண்டு. அரிசோனாவில் டெரி பேட்ஜர், பெண்ணையும் அவருக்கு நெருக்கமான ஒருவரையும் ஜோடியாகச் சேர்த்து எட்டு வாரம் தொலைபேசியிலேயே ஆதரவு கொடுத்துப் பார்த்தார். மனநல ஆலோசனை ஒரு பிரிவுக்கு, நோய் பற்றிய கல்வி மட்டும் இன்னொரு பிரிவுக்கு. இரண்டு பிரிவினருமே மேம்பட்டார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் வாரம் தவறாமல் தாய்மொழியில் கூப்பிட்டுப் பேசுவதே மருந்தாகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கேத்லீன் எல், மனச்சோர்வைக் கண்டறிந்ததோடு நிற்காமல், இருமொழி தெரிந்த சமூகப் பணியாளர்களைப் புற்றுநோய்ப் பிரிவுக்குள்ளேயே உட்காரவைத்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஓராண்டு முடிவில் அவர்களில் 63 சதவீதம் பேரின் மனச்சோர்வு பாதிக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 50 சதவீதம். இந்தச் சோதனைகளில் யாரும் அந்தப் பெண்களின் கலாச்சாரத்தைத் திருத்தப் போகவில்லை. அவர்களிடமிருந்த தோழமை, குடும்பம், பேச்சு ஆகியவற்றின் மேலேயே கட்டினார்கள். மாறியது மருத்துவ அமைப்பு.

இனித் தெரிய வேண்டியது நிறைய. சான் அன்டோனியோவும் மயாமியும் சேர்ந்து புற்றுநோயிலிருந்து மீண்ட 3,000 லத்தீனோக்களைப் பல ஆண்டுகள் தொடர ‘அவான்சாந்தோ காமினோஸ்’ என்ற ஆய்வைத் தொடங்கியிருக்கின்றன. அமெலி ராமிரெஸும் ஃபிராங்க் பெனேதோவும் தலைமை தாங்குகிறார்கள். மெக்சிகோக்காரர்களையும் கியூபர்களையும் ஒரே கட்டத்தில் போடாமல் பிரித்துப் பார்க்க இது உதவும்.

ஆனால் செய்ய வேண்டியதைச் செய்ய அந்த முடிவுகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர், நோயைக் கடந்துவந்த தோழிக்கு ஒரு சம்பளம், மாத்திரை முடியும்வரை காப்பீடு ஆகிய மூன்றும் பலன் தருபவை என்பதற்கு இருக்கும் சான்றே போதும். நாடோ எதிர்த்திசையில் நடக்கிறது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அரசு நிதி பெறும் அமைப்புகள் மொழியுதவி தர வேண்டும் என்று 2000இல் கிளின்டன் பிறப்பித்த ஆணையை 2025 மார்ச்சில் டிரம்ப் ரத்து செய்தார். 2024 ஜனவரியில் எல்லா வயதினருக்கும், ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏழைகளுக்கான மெடி-கால் காப்பீட்டைத் திறந்துவிட்ட கலிஃபோர்னியா, நிதி நெருக்கடியைச் சொல்லி அதே கதவை மூடத் தொடங்கியிருக்கிறது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குக் காப்பீடு தொடரும். ஆனால் 2026 ஜனவரி முதல், 19 வயதோ அதற்கு மேலோ ஆன, ஆவணமில்லாதவர்கள் அந்த முழுக் காப்பீட்டில் புதிதாகச் சேர முடியாது.